காணிக்கையில் ஒரு பங்கு அக்கம்பக்கத்துக்கு: தண்டையார்பேட்டைச் சபை ஒன்றின் கேள்விக்குப் பதில்

தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சபை ஒன்றின் கமிட்டி உறுப்பினர் கேட்டிருப்பதன் சாரம் இது: "எங்கள் சபையில் நூற்றைம்பது குடும்பம் போல இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை அக்கம்பக்கத்தில் தொண்டு செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று வாலிபர் சங்கம் சொல்கிறது. பொருளாளர், கரண்ட் பில் கட்டவே முழி பிதுங்குகிறது, இதில் தானம் வேறா என்கிறார். பெரியவர்கள் சிலர், நம் சபையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் இருக்கும்போது வெளியே எதற்கு என்கிறார்கள். சட்டப்படி இது செல்லுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

செல்லும். அதன் விவரத்துக்குப் பின்னால் வருகிறேன், ஏனென்றால் சட்டத்தால் நின்றுபோன காணிக்கைப் பகிர்வை நான் பார்த்ததில்லை. சபைக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல காணிக்கைப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். பகிர்வு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிற சபைகளும் உண்டு, இரண்டு மாதத்தில் சண்டையாகி நின்ற சபைகளும் உண்டு. நின்றுபோன இடங்களில் அநேகமாக ஒரே குறைதான்: காணிக்கைப் பை சுற்றுவதற்கு முன்னால், "இன்றைய காணிக்கை இன்னாருக்குப் போகிறது" என்று யாரும் சொல்லவில்லை. இதை மட்டும் சரியாகச் செய்தால் பொருளாளரின் பயம், பெரியவர்களின் சந்தேகம், வரிக் கணக்கு மூன்றுமே பாதி இளகிவிடும்.

காரணம் எளியது. எண்ணி முடித்து வங்கியில் கட்டிய பணம் சபையின் பணம். அதிலிருந்து எடுத்து வெளியே கொடுக்க ஒவ்வொரு முறையும் தீர்மானம் வேண்டும், விவாதம் வேண்டும், "நான் கோயிலுக்குத்தானே போட்டேன்" என்று ஒருவர் எழுந்தால் அவருக்குச் சொல்லப் பதில் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வாங்கியது அப்படியல்ல. அது சபையின் கை வழியாகப் போகிற பணம், அவ்வளவுதான். கூரை ஒழுகினாலும் அதில் கை வைக்க ஆயருக்கும் உரிமை இல்லை, கமிட்டிக்கும் உரிமை இல்லை. கத்தோலிக்கர்கள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் விதி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரமே போதும். எருசலேமின் ஏழைகளுக்கென்று சொல்லித்தான் பவுல் பணம் சேர்த்தார். அதைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூடவே வைத்துக்கொண்டார், நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும்போது இதை வாசித்துவிட்டுப் போங்கள். ஒரு தணிக்கையாளன் பேச்சைவிட அது எடுபடும்.

இனி பொருளாளர். அவரைக் கஞ்சன் என்று நினைக்க வேண்டாம். ஆயர் சம்பளத்துக்கும் பேராயத்துக்கும் கட்ட வேண்டிய பங்கு, கோயில் ஊழியர் சம்பளம், கரண்ட், தண்ணீர், மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்குத் தட்டோடு என்று மாதா மாதம் அவர்தான் முழிக்கிறார். அவரிடம் பேச வேண்டியது எந்தக் காணிக்கையைத் தொடுகிறோம் என்பதைத்தான். குடும்ப எண் போட்ட கவரில் வருவது சந்தா. பிறந்தநாள், கலியாண நாளுக்கு வருவது ஸ்தோத்திரக் காணிக்கை. இந்த இரண்டையும் தொட வேண்டாம். பையில் உதிரியாக விழுவதை மட்டும் தொடுங்கள். பெரும்பாலான சபைகளின் மாதச் செலவைத் தாங்குவது சந்தாதான், உதிரி அல்ல என்பது பொருளாளருக்கே தெரியும்.

மாதம் ஒரு ஞாயிறு என்பது ஆரம்பத்துக்கு அதிகம் என்பது என் எண்ணம். ஐந்து ஞாயிறு வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். சபையின் வரவு செலவு மாதத்துக்கு நாலு ஞாயிறு என்ற கணக்கில் ஓடுகிறது. ஐந்தாவது வந்தால் அது போனஸ் மாதிரி, அதை விட்டுக்கொடுக்கப் பொருளாளருக்கு அவ்வளவு வலிக்காது. வருஷத்துக்கு நாலு முறை வரும், சில வருஷம் ஐந்து. 2026ஐ எடுத்துக்கொண்டால் மார்ச் 29, மே 31, ஆகஸ்ட் 30, நவம்பர் 29. தேதிகளைப் பாருங்கள்: மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு. மே 31 பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சற்று முன்னால், அதிலும் காசிமேட்டில் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற நேரம். நவம்பர் 29 அட்வெந்து முதல் ஞாயிறு, மழை உச்சத்தில் இருக்கும். வேண்டுமென்றே உட்கார்ந்து குறித்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வராது.

சிலர் மொத்தக் காணிக்கையில் பத்து சதவீதம் என்று வைக்கச் சொல்வார்கள். லேவியரே தசமபாகத்தில் தசமபாகம் கொடுத்தார்களே என்று எண்ணாகமத்தை எடுத்துக் காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பங்கு போனது ஆரோனுக்கு. ஏழைக்குப் போனது உபாகமம் பதினாலில் இருக்கிறது: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, அந்த ஊரிலிருக்கிற பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட வேண்டும் என்கிறது. அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போம் என்கிற உங்கள் வாலிபர்களுக்கு வேண்டிய வசனம் அதுதான். சதவீதக் கணக்கில் எனக்குள்ள தயக்கம் வேறு. அது வருஷக் கடைசியில் ஒரு காசோலையாகிப் போய்விடுகிறது. சபையாருக்கு யாருக்குப் போகிறதென்றே தெரியாது, தெரியாததற்கு யாரும் கூட ஒரு நோட்டைப் போட மாட்டார்கள்.

எண்ணும் அறைக்கு வருவோம், ஏனென்றால் நல்ல எண்ணங்கள் சந்திசிரிப்பது அங்கேதான். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது கோயிலை ஒட்டிய அறையில், மேஜைமேல் பைகளைக் கவிழ்க்கிறார்கள். நாலாக எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகள், பிள்ளைகள் கையில் கொடுத்துப் போடச் சொன்ன அஞ்சு ரூபாய்க் காசு, கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்த பத்து ரூபாய்க் காசுகள் (சென்னையில் இவற்றுக்குக் கடைசிப் புகலிடம் காணிக்கைப் பைதான்), நடுவில் ஒரு ஐந்நூறு. இரண்டு பேர் எண்ணுகிறார்கள், மூன்றாமவர் பதிவேட்டில் எழுதுகிறார். பகிர்வு ஞாயிறன்று இதில் கூடுதலாக ஒன்றுதான் தேவை: கவர்களை முதலில் தனியே பொறுக்கி வைத்துவிட்டு, உதிரியை மட்டும் எண்ணி, பதிவேட்டில் வேறு பத்தியில் எழுதி, எண்ணிய இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று பையைக் கட்டி பீரோவில் வைக்கிற பழக்கம் இருந்தால் இந்த ஒரு நாளுக்காவது அதை விடுங்கள்.

இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல், வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை. இளம் குடும்பங்கள் பையைத் தடவி அனுப்பிவிட்டு போனில் போடுகிறார்கள். அந்தப் பணம் நேரே பொதுக் கணக்குக்குப் போகிறது. சந்தாவா, காணிக்கையா, பகிர்வா என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அன்று காலையிலிருந்து பகல் ஒரு மணிவரை கியூஆரில் வருவதும் பகிர்வில் சேரும், சந்தா என்று குறிப்புப் போட்டவை தவிர. நேரத்தை எழுதாமல் விட்டால், சாயந்திரம் ஆறு மணிக்கு வந்த ரெண்டாயிரத்துக்காக ஒரு கமிட்டிக் கூட்டமே ஓடும்.

சட்டம். உங்கள் சபை எந்த உருவில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது பாதி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாக இருந்தால் சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். குருசேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) தன்னிச்சையான டிரஸ்ட் அல்ல, ஆகவே பேராயப் பொருளாளர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து அனுமதியோ ஆலோசனையோ வாங்கிக்கொள்வது முறை. தனிச் சபைகள் டிரஸ்டாகவோ, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ இருக்கும். அப்படியானால் பத்திரத்தின் நோக்கப் பகுதியில் ஏழைகளுக்கு உதவுதல், பொது தர்மம் என்று ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். எதுவுமே பதியாமல் போதகரின் சொந்தக் கணக்கில் காணிக்கை போய்க்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பகிர்வெல்லாம் அப்புறம்.

வருமான வரியில் நாலைந்து விஷயம் கவனம். பதிவு பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. இன்னொரு பதிவு பெற்ற டிரஸ்டுக்குக் கொடுத்ததும் அதில் சேரும், ஆனால் 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு கொடுத்ததில் 85 சதவீதம்தான் சேரும். பத்தாயிரம் கொடுத்தால் எட்டாயிரத்து ஐந்நூறு. நீங்களே நோட்டுப் புத்தகம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் சேரும். உங்கள் அளவிலான சபைக்கு இது தலைபோகிற வித்தியாசம் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் நிற்காது. ஆகவே காசோலை அல்லது வங்கி மாற்றம், அதுவும் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும். நடத்துகிறவரின் மனைவி பெயரிலுள்ள ஜிபே எண்ணுக்கு அல்ல. பையில் பெயரில்லாமல் விழும் பணத்துக்கு வரி உண்டா என்று கேட்பார்கள். பொதுவாக அறநிறுவனங்களுக்கு வரும் பெயரில்லா நன்கொடைக்கு 30 சதவீத வரி உண்டுதான், ஆனால் முழுக்க மத நோக்கமுள்ள டிரஸ்டுக்கு அது இல்லை. மதமும் தர்மமும் சேர்ந்த டிரஸ்டாக இருந்தால், அந்த டிரஸ்டே நடத்தும் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ என்று குறிப்பிட்டு வந்த பெயரில்லாப் பணத்துக்கு மட்டும்தான் வரி. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. பழைய 12ஏபி (டிரஸ்டின் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை) என்று வாய் பழகிவிட்டது, படிவத்தில் எழுதும்போது உங்கள் ஆடிட்டரிடம் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

வரிச் சலுகைக்காக யாராவது சபையில் ரசீது கேட்டால், அந்தத் தொண்டு நிறுவனத்துக்கே நேராகக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள். கோயில் பையில் போட்டதற்கு 80ஜி ரசீது வராது. நிறுவனத்துக்கே கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்குச் சலுகையே கிடையாது. சம்பளக்காரர்களில் பலர் இப்போது அந்த முறையில்தான் இருக்கிறார்கள், ஆகவே இந்தக் கேள்வி தானாகவே ஓய்ந்துவிடும்.

இதில் உண்மையிலேயே ஆபத்தான இடம் ஒன்றுதான்: வெளிநாட்டுப் பணம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற நம் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அதே பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) கையில் இருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பதிவே இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க வழியில்லை. ஆகவே கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்திருக்கும் டொராண்டோ மாமா உணர்ச்சிவசப்பட்டுப் பகிர்வுக்கென்று ஒரு பெரிய கவரை நீட்டினால், நன்றி சொல்லி, நேரடியாக அப்படிப் பதிவுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் முகம் வாடும், பரவாயில்லை.

யாருக்குக் கொடுப்பது? இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வருஷத்துக்கு நாலு ஞாயிறு என்றால் நாலு பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேருக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால் எல்லோருக்கும் ஒரு சால்வை போர்த்திய மாதிரிதான், ஒருவர் அடுப்பும் எரியாது. தேர்ந்தெடுத்தவர்களை இரண்டு மூன்று வருஷமாவது மாற்றாதீர்கள். அடுத்த மே மாதமும் இந்தச் சபையிலிருந்து வரும் என்று அவர்கள் நம்பி ஒரு செலவை ஏற்றுக்கொள்ள முடிவதே ஒரு உதவி.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் இப்படித்தான் இரண்டு பேராக வீடு தேடிப் போவார்கள். 1833இல் பாரிசில் ஒசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கியது, இன்றைக்கும் அவர்கள் வேலையின் உயிர் அந்த வீட்டுச் சந்திப்புதான். உங்கள் ஆட்கள் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஞாயிறு மத்தியானம் போனால் பார்ப்பது வேறு, திங்கள்கிழமை காலை போனால் பார்ப்பது வேறு. ஞாயிறு மத்தியானம் யாரோ ஒருவர் மகனுக்குப் பிறந்தநாள் என்று பிரியாணி வந்திருக்கும், இன்னொருவர் அண்டா நிறைய சாம்பார் சாதம் கொண்டுவந்து வாசலில் நிற்பார், கேக் வேறு. திங்கள்கிழமை காலை சிலிண்டர் தீர்ந்து, வார்டன் அக்கா பக்கத்துக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருப்பார். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால், "எது கொடுத்தாலும் சந்தோஷம்ங்க" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். சமையலறையில் போய் நின்று, "போன மாசம் எதைக் கடன் வாங்கி வாங்கினீங்க?" என்று கேளுங்கள். சிலிண்டர், கரண்ட் பில், பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், செப்டிக் டேங்க் சுத்தம் செய்த கூலி, வார்டன் சம்பளம் என்று வரும். தன் பெயர் போட்ட மின்விசிறி மாட்ட விரும்புகிறவர் நிறையப் பேர், வார்டன் சம்பளத்தில் ஒரு மாதத்தை ஏற்றுக்கொள்ள ஆள் கிடையாது. நீங்கள் அந்த ஆளாக இருங்கள்.

போகிறவர்கள் கூடவே பார்க்க வேண்டிய காகிதங்கள்: நிறுவனத்தின் பேரில் பான் அட்டை, வருமான வரிப் பதிவு உத்தரவு, கடைசி வருஷத் தணிக்கை அறிக்கை. பிள்ளைகள் இல்லமாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவுச் சான்றிதழ், அது காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதும். சான்றிதழைக் கேட்டதும் கோபப்படுகிற இல்லத்துக்குக் காணிக்கை வேண்டாம். அங்கே பிள்ளைகளின் நிலைமை மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் 1098க்குச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கமிட்டியில் யாருடைய மைத்துனராவது ஒரு டிரஸ்ட் நடத்திக்கொண்டிருப்பார். அநேகமாக நல்ல மனிதராகவே இருப்பார். இருந்தாலும் வேண்டாம். டிரஸ்டிகளின் உறவினருக்குப் பலன் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து என்பது ஒரு பக்கம், அதோடு முடிந்தது பகிர்வு என்பது இன்னொரு பக்கம்.

வடசென்னையில் தேவைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வருகிறது. ஆனால் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் சுத்தம் செய்து கூலி வாங்குகிற அம்மாக்கள், மீன்பாடி வண்டிக்காரர் என்று அந்தப் பட்டியலில் பெயரில்லாமல் அதே துறைமுகத்தை நம்பியிருப்பவர்கள் எத்தனையோ பேர். தடைக்காலம் முடிகிற சமயம் பள்ளிக்கூடமும் திறக்கும். அந்த இரண்டு மாதத்தில் வட்டிக்கு வாங்கிய கடன் தீபாவளி வரை இழுக்கும். மே 31 காணிக்கை இவர்களுக்கிடையே வேலை செய்கிற குழுவுக்குப் போகலாம்.

மழைக்காலம் இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி என்று எங்கும் சபைகள் பாலும் ரொட்டியும் போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடின. ஓடத்தான் வேண்டும். ஆனால் அதே சமயம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு பரவி வலையும் படகும் தார் பூசின மாதிரி ஆகிவிட்டன. ரொட்டி கொடுத்தவர்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார்கள். வலை போனவர்களுக்கு அதற்கப்புறம்தான் கஷ்டமே ஆரம்பித்தது. நவம்பர் காணிக்கையில் பாதியைப் பொங்கல் கழிந்து கொடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கினால் இந்த மாதிரிச் சமயத்துக்கு உதவும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியும் உங்களுக்கு ஒரு பஸ் தூரம். ஆபரேஷன் செலவை முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்ளும். பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்து வராந்தாவில் படுத்திருக்கும் துணைக்காரரின் சாப்பாடு, பஸ் காசு, பெரியவர்களுக்கு டயபர் இதையெல்லாம் எந்தத் திட்டமும் பார்க்காது. உள்ளே போய் நீங்களாகப் பொட்டலம் விநியோகிக்கக் கூடாது. ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரியின் உறைவிட மருத்துவ அதிகாரி) அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, எது குறைகிறது என்று கேட்டு, அதை வாங்கிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசுப் பள்ளிக்கு உதவ நினைத்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவை அரசே போடுகிறது, புத்தகமும் சீருடையும் வருகிறது. ஆகவே அவற்றில் பணத்தைப் போடாமல், பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் போன்ற இடைவெளியைப் பாருங்கள். தலைமையாசிரியருக்கு யார் யார் என்று தெரியும்.

பெரியவர்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் சபையில் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மை. மூட்டை தூக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், மகன் குடித்து அழித்த வீடு, எல்லாம் அதே பெஞ்சில்தான். அவர்களுக்கு உதவப் பழைய சபைகளில் ஏழைகள் நிதி என்று தனியாக உண்டு, பல இடங்களில் திருவிருந்து அன்று அதற்கென்று ஒரு தட்டும் இருக்கும். உங்கள் சபையில் அது செத்துப்போயிருந்தால் பகிர்வு தொடங்குவதற்கு முன்னால் அதை உயிர்ப்பியுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே பணப்பெட்டியில் போடாதீர்கள். வெளியே போகும் பணத்துக்கு எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு. சபைக்குள் கொடுப்பதில் யாருக்கு என்பது ஆயரையும் இன்னும் இரண்டு பேரையும் தாண்டக் கூடாது. நாலாவது வரிசையில் உட்காரும் அம்மாவுக்கு சபை வாடகை கட்டியது மாதர் சங்கத்துக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த ஞாயிறு அந்த அம்மா வேறு கோயிலுக்குப் போய்விடுவார்.

இது நம் ஆட்களுக்குப் புது விஷயமும் அல்ல. பெண்கள் சோறு வடிக்கும்முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிற பிடியரிசிக் காணிக்கை பாட்டி காலத்துப் பழக்கம். கொத்தவால் சாவடி மளிகைக்காரர்களைக் கேட்டால் மகமை என்பார்கள், வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைப்பது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அந்த மகமையிலும் பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிதான். உங்கள் தெருவிலிருக்கும் பள்ளிவாசலில் பைத்துல்மால் என்ற ஏழைகளுக்கான பொது நிதி எப்படி நடக்கிறதென்று அதன் நிர்வாகியான முத்தவல்லியிடம் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். விண்ணப்பம் வாங்குவது, விசாரிப்பது, பெயரை வெளியே விடாமல் கொடுப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை.

கொடுக்கும்போது செய்யக் கூடாதவை பற்றிச் சுருக்கமாக. ஃப்ளெக்ஸ் வேண்டாம். இல்லத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாளம் தெரியும்படி அவர்கள் படத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, மீறினால் தண்டனை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம். அரிசி மூட்டையோடு சுவிசேஷக் கைப்பிரதி வைக்க வேண்டும் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். வேண்டாம். உதவியை வாங்க வந்தவருக்கு மறுக்க வழியில்லாத நேரத்தில் அதை நீட்டுவது நியாயமில்லை, பகிர்வின் மேலேயே வேறு பேச்சும் கிளம்பிவிடும்.

தள்ளிக் கொடுப்பதாக முன்கூட்டியே அறிவித்த பங்கு தவிர, பணம் அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் இரண்டு வரி: இவ்வளவு வந்தது, இன்ன தேதியில் இன்னாருக்குப் போனது, ரசீது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நன்றிக் கடிதம் வந்தால் வாசிக்கலாம், கைதட்டல் வேண்டாம். இரண்டாவது முறை பை சுற்றும்போது உதிரி கூடியிருப்பதைப் பொருளாளரே உங்களிடம் வந்து சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். நான் பார்த்த சபைகளில் அப்படித்தான் நடந்தது.

தீர்மானத்தை நீட்டாதீர்கள். இப்படி இருந்தால் போதும்: "ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் அன்றைய உதிரிக் காணிக்கையும், பகல் ஒரு மணிவரை கியூஆர் வழியாக வரும் சந்தா அல்லாத தொகையும், முந்தின ஞாயிறே அறிவிக்கப்பட்ட ஒரு தொண்டுப் பணிக்கு, தள்ளிக் கொடுப்பதாக அறிவித்த பங்கு தவிர, ஏழு நாளுக்குள் வங்கி மூலம் செலுத்தப்படும். பணியைத் தெரிந்தெடுக்க மூவர் குழு, அவர்களில் ஒருவர் மாதர் சங்கத்திலிருந்தும் ஒருவர் வாலிபர் சங்கத்திலிருந்தும். ஒரு வருஷம் கழித்து மறுபரிசீலனை." ஒரு வருஷம் என்ற வரி பொருளாளருக்காக. அது இருந்தால் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டார். மே 31இல் தொடங்குவதாக இருந்தால் ஏப்ரல் கமிட்டியிலேயே இது வர வேண்டும். காசிமேட்டுக்குப் போகிற இரண்டு பேரும் மே முதல் வாரம், படகுகள் கட்டிக் கிடக்கும்போதே போய்வந்துவிடட்டும்.